பிட்காயினா? வங்கியா?

"பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பணம் இப்போது கையில் பிடிக்க முடியாத உருவத்தில் வந்து நிற்கிறது. அச்சடித்த தாள் இல்லை, உலோகக் காசு இல்லை, ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பமும் இல்லை. பெயர் பிட்காயின்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் 'பணம் மற்றும் கடன்' என்ற பாடம் நடந்தபோது, பண்டமாற்றுக் காலத்திலிருந்து பணத்தாள் வரை வந்த கதையைப் படித்தோம். பாடம் முடிந்ததும் எங்களில் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், இனிமேல் வங்கியே இருக்காதாம், எல்லாம் பிட்காயின்தானாம். எங்கள் அண்ணன் சொல்கிறான், உண்மையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "தேடிப் படித்துவிட்டு நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றார்கள். அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை. நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோதே அந்த அண்ணனின் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. தோழியின் அனுமதியோடு அதையும் பின்னால் சொல்கிறோம்.

பிட்காயினைத் தோற்றுவித்தவர் யார் என்று இன்றுவரை உலகுக்குத் தெரியாது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று முதல் கணக்கு எழுதப்பட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்களுக்கு மேல் எக்காலத்திலும் உண்டாக்க முடியாது என்பது அதன் சட்டம். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் புதிய கொடுக்கல் வாங்கல்களைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஒரு பக்கம் சேர்க்கின்றன. அந்தப் பேரேடு ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே மாதிரியாக இருக்கிறது.

இது எங்களுக்குப் புரிந்தது எங்கள் அம்மாக்களின் மகளிர் சுய உதவிக் குழுவை நினைத்துப் பார்த்தபோதுதான். குழு கூடும்போது யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு கடன் திருப்பினார் என்று நோட்டை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். பன்னிரண்டு பேர் காதில் விழுந்த கணக்கை ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போய் மாற்றி எழுதிவிட முடியுமா? பிட்காயினின் கணக்கும் அப்படிப்பட்டதே. ஒரு வேற்றுமை உண்டு. குழுவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதைத்தான் அதன் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இப்படி ஒன்று ஏன் பிறந்தது? 2008-இல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து பல நாடுகளில் வங்கிகள் தள்ளாடின. அரசாங்கங்கள் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டி அவற்றைத் தாங்கிப் பிடித்தன. பிட்காயினின் முதல் பக்கத்தில், வங்கிகளுக்கு இரண்டாம் முறை உதவி செய்வது பற்றிய அன்றைய லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் தலைப்பு பதியப்பட்டுள்ளது. வங்கிகளை நம்பி ஏமாந்தது போதும் என்ற கோபம் அதில் தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நாங்களும் நினைக்கிறோம்.

ஆனால் அதே கோபம் நம் சென்னைக்கும் ஒருமுறை வந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார நிறுவனம் திடீரென்று கதவை மூடியது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், சிறு வியாபாரிகள் என்று எத்தனையோ பேரின் சேமிப்பு அதில் இருந்தது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். போன பணம் முழுதாகத் திரும்பவில்லை. அப்போது வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து, நம்மவர்க்கு நம்முடைய வங்கியே வேண்டும் என்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. நம்பிக்கை முறிந்தபோது, நம்பத்தக்க மனிதரைத் தேடிப் பிடித்தது சென்னை. நூறு ஆண்டுகளுக்குப் பின் சதோஷி, மனிதரே வேண்டாம் என்று முடிவு செய்தார். இவ்விரு வழிகளில் எது நிற்கும் என்பதே எங்கள் வகுப்பின் வாதமாக இருந்தது.

இப்போது தோழியின் வீட்டுக் கதைக்கு வருகிறோம். அவளுடைய அண்ணனை யாரோ கைப்பேசியில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். பிட்காயினில் போட்டால் மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்றார்கள். முதலில் போட்ட இரண்டாயிரத்துக்கு இருநூறு ரூபாய் லாபம் என்று கணக்கிலும் போட்டுவிட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல மரியாதையான பேச்சு! அம்மா மகளிர் குழுவில் ஆடு வாங்குவதற்காக எடுத்த கடனில் நாற்பதாயிரத்தை அண்ணன் கெஞ்சி வாங்கி அனுப்பினான். மறு வாரம் அந்தச் செயலி திறக்கவில்லை. பேசிய எண்ணும் இல்லை.

அந்தச் செயலியில் பிட்காயின் என்று ஒன்று இருந்ததா என்பதே ஐயம். ஆகவே பிட்காயின் மீது இந்தப் பழியை முழுவதும் போடுவது நேர்மையாகாது. தங்கம் என்று பித்தளையை விற்றவனுக்காகத் தங்கத்தைக் குறை சொல்லலாமா? ஆனால் அந்த வீட்டில் அன்று இரவெல்லாம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: "யாரிடம் போய்க் கேட்பது?" அவர்கள் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்தது நான்கு நாள் கழித்து. பணம் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் நிற்கும்வரை அதை முடக்க வழி உண்டு. ஆகவே ஏமாந்தோம் என்று தெரிந்த அந்த மணியே அழைக்க வேண்டும். பெற்றோர்கள் இந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிட்காயினாக மாறி வெளியே போய்விட்டால், அதைத் திருப்பி அனுப்பு என்று உத்தரவிட அங்கே ஒரு மேலாளர் இல்லை. ஒருமுறை எழுதியது எழுதியதுதான்.

"யாரிடம் கேட்பது" என்ற கேள்வி படித்தவர்களையும் விடவில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள இணைய நாணயங்கள் திருடு போயின. அதன்பின் வாடிக்கையாளர் எல்லோருடைய கணக்கும் முடக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி உயர் நீதிமன்றம் சென்றார். அவரிடம் இருந்தது பிட்காயின் அல்ல. அதன் இனத்தைச் சேர்ந்த எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய நாணயமும் ஒரு சொத்தே, ஒருவர் பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கத்தக்க சொத்து என்று தீர்ப்பளித்தது. யாரையும் நம்ப வேண்டாம் என்று பிறந்த இனம், கடைசியில் நீதிபதியை நம்பித்தான் வந்தது!

நம் நாட்டு வங்கிகளுக்கும் பிட்காயினுக்கும் உள்ள உறவு மாமியார் மருமகள் உறவு போன்றது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இவ்வியாபாரம் செய்பவர்களுக்கு எந்த வங்கியும் சேவை செய்யக்கூடாது என்று தடுத்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி. வரி வாங்குவதால் அது சட்டப்படி பணமாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படி ஆகவில்லை. அதே 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தானே டிஜிட்டல் ரூபாயைப் பொதுமக்களிடம் சோதனையாக வெளியிட்டது. எதிர்த்தவளின் சமையலைக் கற்றுக்கொண்ட மாமியார் என்று நாங்கள் வகுப்பில் சிரித்தோம்.

அமெரிக்காவில் கதை வேறு விதம். 2024 ஜனவரியில் பிட்காயினை வைத்திருக்கும் நிதித் திட்டங்களைப் பங்குச் சந்தையில் விற்க அனுமதி கிடைத்தது. பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கிக் குவித்தன. வங்கியை ஒழிக்க வந்ததாகச் சொன்னது, வங்கிக்கு ஒன்றுவிட்ட உறவினர் வீட்டுப் பெட்டகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் முக்கியமான கருத்துக்கு வருகிறோம். நம் ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையில் ஒரு தாலந்து பெற்ற ஊழியன் அதை மண்ணில் புதைத்து வைத்தான். வட்டிக்காவது கொடுத்திருக்கலாமே என்று தலைவன் கடிந்துகொள்கிறான். பிட்காயின் அந்தப் புதைத்த தாலந்துதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வாங்குகிறவர் பெரும்பாலும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். பிரிட்டனில் நியூபோர்ட் நகரில் ஒருவருடைய சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த கணிப்பொறித் தட்டு 2013-இல் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. அந்தக் குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உண்மையாகவே மண்ணில் புதைந்த தாலந்து!

வங்கியில் போட்ட பணம் அப்படிக் கிடப்பதில்லை. பேரையூர் வட்டாரக் கரிசல் காட்டில் பருத்தி விதைக்க ஒருவர் நகைக்கடன் வாங்கினால், அது இன்னொருவரின் சேமிப்பிலிருந்து வந்த பணமாக இருக்கலாம். மழை பொய்த்தால் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கணிப்பொறிப் பேரேட்டுக்கு மழை பொய்த்தது தெரியாது.

இங்கே எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் படித்த கிறிஸ்தவர், 1960-இல் மறைந்தார். வாழைப்பழம் வைத்திருப்பவள் அழுகுமுன் விற்றாக வேண்டும், காசு வைத்திருப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை, ஆகவே பேரத்தில் காசுக்காரன் கையே ஓங்கும் என்பது பணத்தைப் பற்றிய அவருடைய கருத்து. அழுகாத ரூபாயையே அவர் சந்தேகித்தார். அழுகாததோடு, அளவும் கூடாத பிட்காயினை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்!

சரி, எதிர்காலம் என்ன? எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதன் விலை 2025 அக்டோபரில் 1,20,000 டாலரைத் தாண்டி, மறு மாதமே ஒரு கட்டத்தில் 90,000-க்குக் கீழே இறங்கியது. இவ்வளவு ஆடுகிற அளவுகோலை வைத்து எந்தக் கடைக்காரர் துவரம்பருப்புக்கு விலை எழுதுவார்? வேகமும் போதாது, அதன் பேரேட்டில் ஒரு வினாடிக்கு ஏழு கணக்கு போல்தான் எழுத முடியும். நம் யூ.பி.ஐ. வழியாகவோ 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன. எங்கள் ஊரில் பூக்கட்டும் அக்கா கூட அட்டையை நீட்டுகிறார். அந்தப் பணம் வங்கிக்கும் வங்கிக்கும்தான் நடக்கிறது. ஆகவே பிட்காயின் தங்கம் போல வசதியுள்ளவர் சேர்த்து வைக்கும் ஒரு பொருளாக நிலைக்கும். அன்றாடப் பணமாகாது, வங்கியை விழுங்காது என்பது எங்கள் முடிவு. எங்களில் நான்கு பேர் இதற்கு இன்னும் உடன்படவில்லை என்பதையும் எழுதுகிறோம்.

அதற்காக வங்கிகள் மகிழ்ந்துவிட வேண்டாம். எங்களில் ஒருத்தியின் பாட்டி பாஸ்புக்கில் பதிந்து வாங்க மூன்று நாள் நடந்தார். ஒருநாள் பிரிண்டர் பழுது, ஒருநாள் சர்வர் இல்லை, ஒருநாள் "நாளைக்கு வாங்க". குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்த பணத்துக்குக் காரணம் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வருகிறது. பிட்காயின் பேரேட்டை எந்த நேரமும் எவரும் பார்க்கலாம். அந்த ஒளிவுமறைவின்மையை வங்கிகள் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? வங்கி திவாலானால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பது எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. 1962-இல் இது 1,500 ரூபாயாகத் தொடங்கியதாம். இதைச் சொல்ல வேண்டியவர்கள் வங்கிக்காரர்கள் அல்லவா? அடுத்த ஆண்டு ஒரு வங்கி அதிகாரியை நம் பள்ளிக்கு அழைத்து, நாங்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லச் செய்யுமாறு தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தோழியின் அம்மா குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டார். திட்டுவார்கள் என்று பயந்திருந்தார், திட்டவும் செய்தார்கள். பிறகு இரண்டு மாதத் தவணையை மற்ற பதினொரு பேரும் பகிர்ந்து கட்டுவதாக நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் இப்போது ராஜபாளையத்தில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறான். இந்த மாதத் தவணையை அவனே கொண்டுவந்து கொடுத்தான்.