கதாநாயகன் காலால் பேசுகிறாரா?

ஐந்து ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். வசனத்துக்கென்றே உள்ள சென்டர் ஸ்பீக்கரை மட்டும் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், உள்ளே தள்ளித் திணிக்கிறார்கள். அப்புறம் "வசனமே புரியல, விலை கூடினதா வாங்கணும்" என்று புலம்பல் வேறு!

தியேட்டர் திரையில் பொடி ஓட்டைகள் உண்டு. ஸ்பீக்கர் திரைக்குப் பின்னாலேயே நிற்கும். வீட்டு டிவியில் அதற்கு வழியில்லை. 2017இல் சோனி ஓஎல்இடி திரையையே அதிரவைத்துப் பேசவைத்தது. அது எல்லார் வீட்டிலும் இல்லையே!

பரவாயில்லை. மேல், கீழ் விஷயத்தில் காது ஏமாளி. உதடு அசையும் இடத்தில்தான் குரல் என்று கண் சொன்னால் நம்பிவிடும். ஆனால் தரையிலிருந்து வந்தால் எப்படி நம்பும்?

மகாஜனங்களே, ஸ்பீக்கரை டிவிக்கு நேர்கீழே, தட்டின் விளிம்புவரை இழுங்கள். உட்காருபவர் காதைப் பார்த்துச் சற்றே நிமிர்த்துங்கள். செலவு, ஒரு ரப்பர் துண்டு. காது மந்தமான தாத்தாவும் சேர்ந்து சிரிப்பார்!