பலாலிக்கு ஒரு சனிக்கிழமைப் பிரயாணம்

"சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குள் குடும்பத்தோடு போய்த் திரும்பக் கூடிய ஊர் ஒன்று சொல்லுங்கள்" என்று நேயர்கள் நமக்கு எழுதுவது வழக்கம். நாமும் மகாபலிபுரம், புதுச்சேரி, ஏற்காடு என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். இந்த வாரம் சற்றுத் துணிந்து, கடலுக்கு அப்பால் உள்ள ஓர் ஊரைச் சொல்லப் போகிறோம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஆனால் பெரிய பெட்டியோ, பெரிய லீவோ வேண்டியதில்லை. அந்த ஊர் யாழ்ப்பாணம்.

வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பூகோளப் படத்தை வாங்கிப் பாருங்கள். சென்னையில் அடிக்கோலை வைத்துத் தெற்கே நேராக ஒரு கோடு இழுத்தால் அது ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் தலைமீதுதான் போய் முடியும். ஆகாய மார்க்கமாகச் சுமார் 350 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை இதை விட நூறு கிலோமீட்டர் நீளம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலை வழியாக வருகிறவர்கள் 400 கிலோமீட்டர் கடந்து வர வேண்டும். அயல்நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இத்தனை அருகில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மீனம்பாக்கத்தில் நடக்கிற காரியங்களைப் பார்த்தால் தெரியவும் தெரியாது! லண்டனுக்குப் போகிறவருக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்கும் அங்கே ஒரே சட்டந்தான். மூன்று மணி நேரம் முன்னதாக வர வேண்டும். டிக்கெட்டைக் காட்டி ஒரு வரிசை, பெட்டியை நிறுக்க ஒரு வரிசை, குடியகல்வு உத்தியோகஸ்தர் முன்னால் ஒரு வரிசை, இடுப்புவாரையும் செருப்பையும் கழற்றி வைக்க மற்றொரு வரிசை. இவ்வளவையும் முடித்துக்கொண்டு விமானத்தில் ஏறினால், பறக்கிற நேரம் சுமார் ஒன்றேகால் மணி. பந்தியில் உட்கார மூன்று மணி நேரம் காத்திருந்து, ஒரு வாய்க் காப்பி குடித்து விட்டு எழுந்திருப்பது போலத்தான்.

விமானமும் சிறியது. ஏடிஆர் என்று பெயர். எழுபது எண்பது பேர் உட்காரலாம். இறக்கைகளில் இரண்டு விசிறிகள் சுழலும் இந்த ரகத்தைக் கண்டதும், "இது பழைய காலத்து விமானமோ?" என்று ஓர் அம்மாள் தம் பிள்ளையைக் கேட்டது நம் காதில் விழுந்தது. அப்படி ஒன்றும் இல்லை. குறுகிய தூரத்துக்கும் குறுகிய ஓடுபாதைக்கும் ஏற்றது என்பதனால் இன்றும் இதைச் செய்து விற்கிறார்கள். வால் பக்கத்துக் கதவு வழியாக நாலைந்து படி ஏறினால் உள்ளே போய்விடலாம், பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள காட்சியை அது மறைப்பதும் இல்லை. போகும்போது வலது பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வானம் தெளிந்திருந்தால் சோழ மண்டலக் கரை நெடுகிலும் உங்களோடு கூட வரும். கடைசியில் கோடிக்கரை முனை கடலுக்குள் மழுங்கி மறையும். பிறகு ஐம்பது அறுபது கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அதற்கப்பால் தட்டையாக, பனைமரங்களோடு யாழ்ப்பாணத் தீபகற்பம்.

கூட வருகிறவர்களில் உல்லாசப் பிரயாணிகள் சொற்பம். தியாகராயநகரில் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள், சென்னையில் கண்ணுக்கோ இருதயத்துக்கோ வைத்தியம் செய்துகொண்டு போகிறவர்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னை வழியாக ஊருக்குப் போகிறவர்கள் ஆகியோரே அதிகம். நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் அப்படித் தூர தேசத்திலிருந்து வந்தவர்தாம். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். விமானம் தாழத் தொடங்கியதும் அவர் நம்மைத் தாண்டி ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தார். இடத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றோம்.

"வேண்டாம் தம்பி, நீங்கள் இருங்கோ. எங்கட வளவு இந்தப் பக்கமாத்தான் கிடக்கு எண்டு நினைக்கிறன். ஒவ்வொருக்காலும் பார்க்கிறன், பிடிபடுதில்லை."

"எந்த ஊர், ஐயா?"

"வசாவிளான். தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை வெளிக்கிட்டனாங்கள். துலாக் கிணறு ஒண்டு இருந்தது. இப்ப வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. மேலையிருந்து பார்க்க எல்லாம் ஒரே பத்தை."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நமக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. விமானம் தரையைத் தொட்டது.

இறங்கியதும் முதலில் நம் மனத்தைக் கவர்வது அமைதி. வேறு விமானம் ஒன்றும் நிற்பதில்லை. ஒலிபெருக்கி அலறுவதில்லை. ஓடுபாதையின் ஓரத்துச் சிவந்த மண்ணும், புல்லும், காற்றும்தாம். நடந்தே கட்டிடத்துக்குப் போய்விடலாம். பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் சிங்களம் அடுத்தும் இருப்பதைக் காணலாம். 2019ல் அந்தப் பலகை எழுந்தபோது தெற்கே சிலருக்கு அந்த வரிசை பொறுக்கவில்லை. பத்திரிகைகளில் வாதம் நடந்தது, பலகை நின்றது. குடிவரவு உத்தியோகஸ்தர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள். மீனம்பாக்கத்தில் மணிக்கணக்கில் நடந்த காரியம் இங்கே நிமிஷக்கணக்கில் முடிந்துவிடுகிறது. "விமான நிலையம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று நம்மோடு வந்த சிநேகிதர் ஒருவர் வியந்தார். நாமும் அவ்வாறே சொல்லியிருப்போம். ஆனால் வசாவிளான் பெரியவர் பக்கத்திலேயே பெட்டிக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் அல்லவா?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையார் அமைத்த ஓடுதளம் இது. யுத்தம் முடிந்த பிறகு பொதுஜனங்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10ந் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்கு வந்து சேர்ந்தது. அந்த டக்கோட்டா விமானத்துக்கு 'சீதாதேவி' என்று பெயரிட்டிருந்தார்கள். இலங்கையிலிருந்து சீதாதேவி ஆகாய மார்க்கமாகப் புறப்பட்டு வந்தது அது இரண்டாந்தடவை. இம்முறை யுத்தம் எதுவும் தேவைப்படவில்லை என்று அக்காலத்தில் யாராவது வேடிக்கையாகச் சொல்லியிருக்கக் கூடும். இந்தியா சுதந்திரம் அடைந்து நாலு மாதம் ஆகவில்லை. இலங்கை அடைய இரண்டு மாதம் இருந்தது. இரண்டு நாடுகளும் விடுதலையை ஒட்டிச் செய்துகொண்ட நல்ல காரியங்களில் இந்த விமானப் போக்குவரத்தும் ஒன்று.

பின்னால் வந்த யுத்தம் அதை விழுங்கிவிட்டது. பலாலி ராணுவத் தளமாயிற்று. 1987ல் நம்முடைய இந்தியப் படையினர் வந்து இறங்கியதும் இதே ஓடுபாதையில்தான். 1990 மார்ச்சில் அவர்கள் திரும்பினார்கள். அதே ஆண்டு ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது, பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை முதலிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில நாளில் திரும்பலாம் என்றுதான் கதவைப் பூட்டினார்கள். அந்த நிலம் அதிஉயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தீபகற்பத்தைச் சாலையால் அடைய முடியாத காலங்களில், கொழும்புக்கும் பலாலிக்கும் இடையே பறந்த சிறு விமானங்களே சாதாரண ஜனங்களுக்குக் கதியாக இருந்தன. அவற்றில் ஒன்று 1998 செப்டம்பர் 29ந் தேதி இங்கிருந்து கிளம்பி மன்னாருக்கருகே கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

யுத்தம் 2009ல் முடிந்தது. முடிந்ததும் ஜனங்கள் வீடு திரும்பினார்களா என்றால், இல்லை. 2013ல் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்வதாக அறிவிப்புப் பலகை நட்டார்கள். ஜனங்கள் வீதியில் இறங்கினார்கள். நியாய ஸ்தலத்துக்கும் போனார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாக நிலம் விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மீனவர்களிடம் வந்தது. பலாலி-வசாவிளான் சாலை 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவும் பகல் வேளைக்கு மட்டும். இன்னும் எத்தனையோ குடும்பங்களின் காணி கம்பிவேலிக்கு உள்ளே இருக்கிறது. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த செம்மண் அது. யாழ்ப்பாணத்தில் அதைவிட நல்ல மண்ணைக் காட்டுவது கடினம்.

ஆகவே, விமானத்தை விட்டு இறங்கியதும் நம் மனத்தைக் குளிர்விக்கும் அந்த அமைதியில் ஒரு பகுதி, ஜனங்கள் இல்லாததனால் உண்டான அமைதி. இதைச் சொல்வது விமான நிலையம் கூடாது என்பதற்காக அல்ல. வேண்டும் என்று பலமாகச் சொல்வோம். இந்திய உதவியோடு புதுப்பித்து, 2019 அக்டோபர் 17ந் தேதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது யாழ்ப்பாணத்தார் மகிழ்ச்சி அடைந்தது நியாயமே. நோயாளி ஒருவரைச் சென்னைக்குக் கொண்டுவர முதலில் இரவெல்லாம் கொழும்புக்குப் பிரயாணம் செய்யும் கஷ்டத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நவம்பரில் அலையன்ஸ் ஏர் விமானங்கள் வரத் தொடங்கின. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நின்று, 2022 டிசம்பர் 12ந் தேதி மறுபடியும் வந்தன. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். இவையெல்லாம் பெருக வேண்டும்.

பெருக வேண்டுமானால் ஓடுபாதை நீள வேண்டும், நீள வேண்டுமானால் நிலம் வேண்டும் என்பார்கள். இங்கேதான் நமக்குச் சந்தேகம் தோன்றுகிறது. விஸ்தரிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், காணியை எதிர்பார்த்து முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள் நெஞ்சில் கல் விழுகிறது. ராணுவத்தின் வசம் உள்ள பரப்பில் விமானத்துக்கு எவ்வளவு தேவை, ராணுவத்துக்கு எவ்வளவு தேவை, இரண்டுக்கும் தேவையில்லாமல் பத்தை மண்டிக் கிடப்பது எவ்வளவு என்று முதலில் கணக்குக் காட்டட்டும். தேவையில்லாததைத் திருப்பிக் கொடுக்கட்டும். தேவையானதற்கு உரியவரிடம் கேட்டு, உரிய விலை கொடுக்கட்டும். நம் ஊரிலும் விமான நிலையத்துக்காக வயலைக் கேட்கிறார்கள். நாமும் இதே கணக்கைத்தான் கேட்கிறோம். பலாலியிலிருந்து போனவர்களிடம் அந்தக் கேள்விகூட கேட்கப்படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இனி, போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 16 கிலோமீட்டர். நல்லூரையும், 1981ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்து நிற்கும் நூல்நிலையத்தையும் பார்க்காமல் யாரும் திரும்பமாட்டார்கள். அவற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வடக்கே திரும்புங்கள். கீரிமலைக் கேணியில் நீராடிவிட்டு, கடற்கரையோடு மயிலிட்டிக்கு வந்தால் படகுகள் வந்து சேரும் நேரமாயிருக்கும். அங்கிருந்து பகற்பொழுதிலேயே வசாவிளான் சாலைக்கு வாருங்கள். இடையில் வண்டியை நிறுத்தக் கூடாத இடங்கள் உண்டு, படமெடுக்கவும் கூடாது. பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. கம்பிவேலிக்கு அப்பால், கூரையில்லாத சுவர்களும், சுவருக்குள் முளைத்த மரங்களும் தெரியும். விடுவிக்கப்பட்ட பக்கத்தில், துப்புரவாக்கிய துண்டு நிலங்களில் புதுக் கிடுகு வேலிகளும், ஒன்றிரண்டு இடத்தில் இறைப்பு யந்திரத்தின் சத்தமும் இருக்கும்.

பெரியவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகுமுன் ஒரு விவரம் சொன்னார். அவருடைய துலாக் கிணற்று நீர் மிகவும் இனிப்பாம். பலாலிப் பக்கத்துக் கிணறுகளுக்கே அந்தப் பெயர் உண்டாம். திரும்பும் விமானத்தில் இடது பக்கத்து ஜன்னலை வாங்கினால் கரை தெரியும். கிளம்பும்போது மட்டும், கரையைத் தேடுமுன், நேர் கீழே பாருங்கள். ஓடுபாதை முடிந்த இடத்திலிருந்து கடல் வருவதற்குள் அரை நிமிஷந்தான் இருக்கும்.