பத்து நிமிடத் தேநீருக்கு ஒரு பை

காலை ஆறரை மணி. கம்போங் ராஜாவில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. சாலையோரக் கடையில் தே தாரிக் கட்டிக் கொடுக்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், வாயில் ஒரு கயிற்று முடிச்சு, உள்ளே ஓர் உறிஞ்சி. எனக்கு முன்னால் வாங்கிய இளைஞர் அந்தப் பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். கேமரன் மலைக் குளிருக்கு அது ஒரு சுகம். நானும் ஒன்று வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் தேநீர் முடிந்தது. பை மட்டும் கையில் மிஞ்சியது. சுற்றும் முற்றும் பார்த்தேன். குப்பைத் தொட்டி கண்ணில் படவில்லை. பக்கத்திலேயே கால்வாய் இருந்தது. அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பைகள் கிடந்தன. என்னுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்பெல்லாம் நானும் கால்வாயில் போட்டவன்தான்.

அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறோமா?

கம்போங் ராஜா சுற்றுவட்டார நீர் தெலோம் ஆற்றில் சேர்கிறது. தெலோம் நீரில் ஒரு பகுதியை மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அது ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை அங்கேதான் இருக்கிறது. மிச்ச நீர் தெலோமிலேயே தொடர்ந்து, செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்களைக் கடந்து, ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலுக்குப் போகிறது. ஆக, நாம் மலையுச்சியில் போட்ட பை ஒன்று அணையின் வாயில் போய் நிற்கும். இல்லையென்றால் யாரோ ஒருவர் குளிக்கும் துறையில் போய் ஒதுங்கும். மலையில் இருப்பவர்களுக்கு எல்லாமே 'கீழே' போய்விடுகிறது. அதனால்தான் நமக்கு அது தெரிவதில்லை.

2013 அக்டோபர் 23-ஆம் தேதியைக் கேமரன் மலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கனமழையில் நிரம்பிய அந்த அணையிலிருந்து நள்ளிரவில் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள், வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. காடழித்த சரிவுகளிலிருந்து வந்த மண் நீர்த்தேக்கத்தை நிரப்பியிருந்தது, ஆற்றோரம் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக்தான் அந்த வெள்ளத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மண்ணோடு குப்பையும் சேர்ந்துதான் அந்த நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. தூர்வாரும் செலவு ஒருபோதும் முடிவதில்லை. மலையில் நாம் அலட்சியமாக விடுவதற்குப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

சரி, எல்லாப் பிளாஸ்டிக்கும் எதிரியா? இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அதுதான் கவசம். அதைக் கழுவிக் காயவைத்து மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அதையும், பத்து நிமிடத்தில் தூக்கி எறியும் தேநீர்ப் பையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. பிரச்சினை பொருளில் இல்லை; ஒரே ஒருமுறை தொட்டுவிட்டு வீசும் பழக்கத்தில் இருக்கிறது.

தேயிலை மலையில் நின்று பேசுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிளாஸ்டிக் இழையால் செய்யப்பட்ட தேநீர்ப் பொட்டலங்களைக் கிட்டத்தட்டக் கொதிக்கும் நீரில் இட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு பொட்டலத்திலிருந்து சுமார் 1,160 கோடி நுண்நெகிழித் துகள்கள் ஒரு கோப்பை நீரில் கலந்ததாகப் பதிவு செய்தார்கள். இந்தத் துகள்கள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அது பொட்டலத்தைப் பற்றிய ஆய்வு, நம் கட்டுப் பையைப் பற்றியது அல்ல. ஆனாலும் கொதிநீரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் குடிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன? தூள் இருக்கிறது, வடிகட்டி இருக்கிறது. நம் பாட்டிமார் தேநீர் போட்டதும் அப்படித்தானே!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் காலத்தில் வேலைக்காட்டுக்குத் தேநீர் டின் கோப்பையில் போனது. சோறு மங்கில் போனது. கடைச் சாமான் பழைய செய்தித்தாளில் சுற்றி வந்தது, மீனும் காய்கறியும் ரோத்தான் கூடையில் வந்தன. வறுமை அதில் இருந்தது, உண்மைதான். அந்த வறுமை திரும்பி வர வேண்டாம். கூடை மட்டும் திரும்பி வந்தால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. திடக்கழிவுச் சட்டம் நடப்பில் உள்ள பகாங் உள்ளிட்ட மாநிலங்களில், 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். தாள், பிளாஸ்டிக் போன்ற மறுபயனீட்டுப் பொருள்களை வாரம் ஒருமுறை தனியாக எடுத்துச் செல்வார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டம் 2018-இல் வெளியிடப்பட்டது. திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும், குப்பை லாரி வராத லயத்து வீட்டின் பின்புறத்தில் மாலையானால் புகை எழத்தான் செய்கிறது. லாரி வராத இடத்தில் சட்டத்தை மட்டும் அனுப்பி என்ன பயன்?

நம்மைப் போன்ற இன்னொரு தேயிலை மலை என்ன செய்தது என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் நீலகிரி. அங்கும் குளிர், அங்கும் கொழுந்து, அங்கும் விடுமுறைக் கூட்டம், தோட்டங்களில் நம் மக்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கத்தை அங்கே தொடங்கினார். பிறகு மலையேறும் வாகனங்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் வந்தது. 2019-இல் சிறிய தண்ணீர்ப் போத்தல்களுக்கும் தடை வந்தது. தடை விதித்ததோடு நிற்கவில்லை. காசு போட்டால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் இயந்திரங்களை ஊர் ஊராக வைத்தார்கள். 2022 மே மாதம், நீதிமன்றத்தின் தலையீட்டால், அரசு மதுக்கடைகளில் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திரும்பத் தரும் முறை நீலகிரியில்தான் தொடங்கியது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த போத்தலுக்கு ஒரு விலை வந்தது. விலை வந்ததும் அதைப் பொறுக்க ஆளும் வந்தது.

நீலகிரியில் பிளாஸ்டிக் அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை. அங்கும் மீறல்கள் உண்டு. ஆனால் அந்த மலை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. 'போடாதே' என்பதோடு 'இதோ மாற்று' என்பதும் சேர்ந்து வந்தால்தான் மக்கள் மாறுவார்கள். நம் நாட்டிலும் பினாங்கு 2011 முதல் தினமும் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தியது. அப்போது ஒரு பைக்கு வாங்கிய 20 சென் சின்னக் காசுதான். ஆனால் அந்த 20 சென்னுக்காகப் பை எடுத்துப் போன குடும்பங்கள் அங்கே எத்தனை!

கேமரன் மலையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2001-இல் உருவான 'ரீச்' என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு மரம் நடுவது, ஆறுகளைக் கவனிப்பது, மக்களிடம் விழிப்புணர்வு ஊட்டுவது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவருகிறது. ஆனால் எல்லாச் சுமையையும் தன்னார்வலர் தலையில் வைக்க முடியாது. காய்கறி, பூத் தோட்டங்களின் கூரையிலிருந்து கிழிந்து விழும் பிளாஸ்டிக் தாள்களுக்கும் பூச்சிமருந்துப் போத்தல்களுக்கும் விவசாயிகளும் அதிகாரிகளும் பதில் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஏறிவரும் நாமும் ஸ்ட்ராபெரி வாங்கிய பெட்டியைக் காரிலேயே கீழே கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் தொடங்குபவர்களுக்கு மூன்றே மூன்று விஷயம். காரில் எப்போதும் ஒரு கூடை. வேலைக்குப் போகும் பையில் ஒரு மூடியிட்ட கோப்பை. கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பாலிஸ்டிரின் தட்டுக்குப் பதில் வாழையிலை, கழுவக்கூடிய குவளை. கழுவ ஆள் இல்லை என்பார்கள். நம் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். பந்தல் போட வருகிறவர்கள் குவளை கழுவவும் வருவார்கள்.

மறுநாள் காலை அதே கடைக்குப் போனேன். பையிலிருந்து என் கோப்பையை எடுத்து நீட்டினேன். தே கலக்கும் அண்ணன் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, பையில் ஊற்றுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார்.

"தினமும் கொண்டு வாங்க தம்பி. பை காசு எனக்கு மிச்சம்" என்றார்.

கோப்பையும் கைக்குச் சூடாகத்தான் இருந்தது.