சேற்றில் மூச்சுவிடும் மரங்கள்



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா இல்லந்தோறும் எழும். மலைக்கும் அருவிக்கும் செல்லப் பொருளும் வேண்டும், நாளும் வேண்டும். எங்கள் பங்கைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் அருகிலேயே ஓரிடத்தைத் தேர்ந்து புன்னைக்காயலுக்குச் சென்றோம். தமிழ் அச்சு நூல்களின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய ஊர் என்று அதனை நாம் அறிவோம். ஆயினும் அன்று நாங்கள் காணச் சென்றது, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் நிற்கும் அலையாத்திக் காட்டை.

ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து கடலை நெருங்க நெருங்க, நிலம் உவர்ப்பேறி வெளுக்கிறது. அப்பால் ஆறு, அதன் ஓரத்தில் சேற்றினின்று எழுந்த பசுமை. நீர் வற்றியிருந்த வேளையில் வள்ளமொன்றில் ஏறினோம். அதனைச் செலுத்தியவர் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

அங்கு மிகுதியாக நிற்பது வெண்கண்டல் மரம். அதனைச் சுற்றிலும் சேற்றில் ஆணி அறைந்தாற்போல ஆயிரமாயிரம் குச்சிகள் மேல்நோக்கி நின்றன. "செத்த செடிகளா, தாத்தா?" என்று சிறுவன் ஒருவன் கேட்டான். பெரியவர் நகைத்தார். "நமக்கு மூக்கு முகத்துல, இந்த மரத்துக்கு மூக்கு சேத்துல, தம்பி" என்றார்.

அவர் கூறியது உண்மையே. சேற்றினுள் காற்று புகாது. ஆகையால் இம்மரம் வேர்களை மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. உவர்நீரைப் பருகும் அது, மிகுதியான உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. பிள்ளைகள் இலையை நாவில் வைத்துப் பார்த்து, "உப்பு, உப்பு!" என்று கூவினார்கள். அன்று அவர்கள் கற்ற பாடத்தை எந்தப் புத்தகத்தாலும் அவ்வளவு எளிதில் புகட்ட இயலாது.

இந்த வேர்களுக்கிடையேதான் இறாற்குஞ்சும் மடவைக்குஞ்சும் கொடுவாக்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. உதிரும் இலை மக்கிச் சிற்றுயிர்களுக்கு உணவாக, அவை மீன்குஞ்சுகளுக்கு இரையாகின்றன. இங்கு வளர்ந்தவற்றுள் பல பின்னர்க் கடலுக்குச் செல்ல, அங்கே நம் வலைகள் காத்திருக்கின்றன. கடலில் விழும் வலைக்கும் கரையில் நிற்கும் மரத்துக்கும் உள்ள உறவு இதுவே.

இனி, சொல்ல நாணும் செய்தி ஒன்று. வள்ளத்திலேயே உணவருந்தினோம். உண்டு முடித்ததும் எங்களுள் சிலர் எச்சில் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் நீரில் வீசினோம், நானும் ஒருவன். பெரியவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வள்ளத்தைத் திருப்பி, வேர்களின்மேல் படிந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "மூக்கைப் பொத்தினா மரம் எப்படி ஐயா பிழைக்கும்?" என்றார். பின்னர், "சின்ன வயசுல நானும் அடுப்புக்கு இதைத்தான் வெட்டினேன். தெரியாம செஞ்சது" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். அவர் அறியாமற் செய்தார். நாங்களோ, விளக்கம் கேட்ட அரைமணி நேரத்திற்குள் செய்தோம். பிள்ளைகள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்டினால் மீண்டும் தழைக்காதா என்று சிலர் கேட்கலாம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அதற்கு விடை கூறும். முற்காலத்தில் அங்கே பகுதி பகுதியாக மரங்களை ஒட்ட வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் தாழ்ந்தது, புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது, வெயிலில் நீர் வற்ற உப்பு மிகுந்தது, விதை முளைக்கவில்லை. பின்னர் வனத்துறையினரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஊர்மக்களோடு சேர்ந்து கால்வாய்கள் வெட்டி, ஏற்ற வற்றத்து நீர் வந்து போக வழிசெய்து நட்ட பின்னரே பசுமை திரும்பிற்று. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும்; மீட்பதற்குப் பல்லாண்டு வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாயிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இம்மரத்திற்குக் கடல்நீர் மட்டும் போதாது, ஆற்றுநீரும் வேண்டும். தாமிரபரணியின் கடைசி அணை திருவைகுண்டத்தில் உள்ளது. அதனைத் தாண்டிக் கடலுக்குச் செல்லும் நீரை "வீண்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அளவோடு வரும் அந்நீர் வீணன்று, கழிமுகத்தின் உயிர். அளவு மீறினால் என்னாகும் என்பதையும் 2023 டிசம்பரில் கண்டோம். அண்டையூராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாயின. சட்டத்தின் காவல் தேவையானதே. எனினும், வள்ளத்தில் அமர்ந்து கையை ஓங்குபவனைத் தடுக்க எந்தக் காவலரும் அருகிலிருப்பதில்லை. அவனுடைய மனச்சான்று ஒன்றே இருக்கிறது.

நீங்களும் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வாருங்கள். வேர்கள் புலப்படுவதற்கு நீர் வற்றும் வேளையே ஏற்றது. ஊராரிடம் கேட்டுச் செல்லுங்கள். கொண்டு சென்ற பை, குப்பையோடு திரும்பி வரட்டும். திரும்பும்போது எங்கள் வள்ளத்தில் அவ்வாறு ஒரு பை இருந்தது. அதனை மடியில் வைத்து வீடுவரை சுமந்து வந்தவன், "செத்த செடிகளா?" என்று கேட்ட அந்தச் சிறுவன்.