ராட்டினத்தடியில் ஒரு மாநாடு

பிள்ளைகள் கம்ப்யூட்டர் விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, "என்னடா இந்தச் சத்தம்!" என்று நீங்கள் அலுத்துக்கொண்டது உண்டல்லவா? அந்தச் சத்தத்தை உண்டாக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், நேயர்களே!

லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சினிமாவில் கதாநாயகன் எத்தனை அடி நடக்கிறான் என்பது முன்கூட்டியே தெரியும். விளையாட்டிலோ, அவன் எங்கே ஓடுவான், எங்கே நிற்பான் என்பது உங்கள் வீட்டுப் பிள்ளையின் விரலுக்குத்தான் தெரியும். ஒரே காலடி ஓசை திரும்பத் திரும்பக் கேட்டால் காது கண்டுபிடித்துவிடும். ஆகவே புல்லுக்கு, மணலுக்கு, மரப்பலகைக்கு என்று பற்பல காலடிகளைப் பதிவு செய்து, அவை மாறி மாறி ஒலிக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இத்தனை பாடுபடுகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வீட்டிலே ஓர் அறை; அதில் தாம் உண்டு, தம் கருவிகள் உண்டு. ஒரு விளையாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். அதைத் தேடித்தான் மாநாடுகளுக்குப் போகிறார்கள்.

அவற்றில் புகழ் பெற்றது அமெரிக்காவில் நடக்கும் விளையாட்டு அமைப்பாளர் மாநாடு. 1988-ஆம் ஆண்டில் சான் ஹோசே நகரில், கிறிஸ் கிராஃபோர்டு என்பவர் தம் வீட்டுக் கூடத்தில் இருபத்தைந்து முப்பது பேரைக் கூட்டிவைத்துப் பேசியதுதான் அதன் பிறப்பு. 2024-ல் சான்பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மண்டபத்துக்கு வந்தவர்களோ சுமார் 30,000 பேர்! முழு அனுமதிச் சீட்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற ஆண்டுகள் பல. விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் தனி. சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போகிறவருக்கு, "போட்ட பணம் திரும்புமா?" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

சாமர்த்தியசாலிகள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மாநாட்டில் தொண்டராக உழைத்தவர்களுக்குச் சீட்டு இனாமாகக் கிடைத்த ஆண்டுகள் உண்டு. இன்னொரு வழி அதைவிட வேடிக்கை. மண்டபத்துக்கு அருகே யெர்பா புவேனா தோட்டத்தில், 1906-ல் சார்லஸ் லூஃப் என்பவர் செய்த மரக்குதிரை ராட்டினம் ஒன்று இருக்கிறது. மாநாட்டு வாரத்தில், காலைப் பொழுதில் ஓசைக்காரர்கள் அதனடியில் கூடுவது வழக்கமாகி வந்திருக்கிறது. சீட்டும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். நம் சபாக்களில் கச்சேரியைவிடக் காண்டீனில் அதிகக் காரியம் நடப்பதில்லையா, அது போலத்தான்!

ஓசைக்காரர்களுக்கென்றே தனி மாநாடும் உண்டு. 2009-ல் பிரையன் ஷ்மிட் தொடங்கியது அது. ஆனால் ஒன்று கவனியுங்கள். நாதஸ்வரக்காரர்கள் மாத்திரம் கூடும் இடத்தில் பாடம் கிடைக்கும். முகூர்த்தத்துக்கு அச்சாரம் கிடைக்காது. அதற்குக் கல்யாண வீட்டார் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டும் தேவைதான், எது எதற்கு என்று தெரிந்து போவது நல்லது.

போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது? கண்டவர் கையிலெல்லாம் விலாச அட்டையைத் திணித்து, "வேலை இருக்கிறதா?" என்று கேட்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. "நீங்கள் என்ன விளையாட்டு செய்கிறீர்கள்?" என்று கேட்டு, பொறுமையாகப் பதிலைக் கேட்பவரை மறப்பதில்லை. ஊர் திரும்பிய வாரத்திலேயே, பேசியதை நினைவூட்டி இரண்டு வரி எழுதிவிட வேண்டும். பெரிய மனிதர்களைத் துரத்துவதைவிட, பக்கத்தில் நிற்கும் புதியவரோடு சிநேகம் கொள்வது மேல். இன்றைக்கு அவரிடமும் வேலை இராது. நாளைக்கு அவர் சொந்தமாக விளையாட்டுத் தயாரிக்கையில் உங்கள் பெயர்தான் நினைவுக்கு வரும்.

சகோதரிகளுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. விளையாட்டு இசைக்கென்று கிராமி பரிசு முதன்முதலாக 2023-ல் அளிக்கப்பட்டது. அதைப் பெற்றவர் ஸ்டெஃபனி எகோனமூ என்ற பெண்மணி. 2025-ல் அதே பரிசை வென்ற வினிஃபிரெட் பிலிப்ஸும் பெண்தான். அவர் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டு மேடையில் பலமுறை தம் தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவர்.

வீட்டோடு இருந்து தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. "சும்மாதானே இருக்கிறாய்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சொல்லி, தமக்கே அப்படித் தோன்றிவிடும். ஓசை அமைப்பவருக்கும் அதுதான். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும், ஊறுகாய் போட்டு விற்பவருக்கும் அதுதான். வருஷத்தில் நாலு நாள் தம் தொழில்காரர்கள் நடுவே போய் நின்றால், கூலி என்ன கேட்கலாம், ஏமாற்றுகிறவரை எப்படி அறியலாம் என்பதெல்லாம் தெரிய வரும். அச்சாரம் கையில் விழாத வருஷத்திலும் இவை வீட்டுக்கு வந்து சேரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், பயணச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது இந்த வரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!