தேவனாம்பட்டினம் தரும் பாடம்

நெல்லிக்குப்பத்துக் கரும்பு ஆலையிலே பாடுபடும் தோழருக்கு ஒன்று தெரியும். அரவைப் பகுதி ஓட, கொதிகலன் பகுதி படுத்துவிட்டால், பிழிந்த சாறு புளித்துப் போகும். பகுதிக்கு ஒரு மேஸ்திரி இருக்கலாம். எல்லாவற்றையும் இணைத்து நடத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்தப் பொறுப்பாளரைக் கேள்வி கேட்கத் தொழிற்சங்கம் வேண்டும். ஆலைக்குரிய இந்த நியாயம் நாட்டின் படைக்கும் பொருந்தும் என்கிறோம் நாம்.

ஆதாரம் தேடி அலைய வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம் இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி, 1758 ஜூனில் அக்கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அடுத்தது சென்னை என்று துடித்தார். ஆனால் கப்பற்படைத் தலைவர் தாஷே, உடன்வர மறுத்தார். கப்பல்களோடு மொரீசியசுக்குப் போய்விட்டார். லாலி தரைப்படையை மட்டும் கொண்டு டிசம்பரில் சென்னையை வளைத்தார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயர் கப்பல்கள் தலைகாட்டின, முற்றுகை கலைந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. 1766-இல் பாரிசில் லாலியின் தலை துண்டிக்கப்பட்டது.

அன்னியர் இருவர் நம் மண்ணுக்காக அடித்துக்கொண்ட சண்டை அது. வென்றவரும் நம்மவரல்லர், தோற்றவரும் நம்மவரல்லர். ஆனால் பாடம் நம்முடையது. நிலத்துக்கு ஒரு தலை, கடலுக்கு ஒரு தலை, இரண்டுக்கும் பொதுத் தலை இல்லையென்றால் வீரம் விழலுக்கு இறைத்த நீராகும்.

இந்தப் பாடத்தை டில்லி எப்போது படித்தது? 1999-இல் கார்கில் போருக்குப் பின், தமிழரான கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. அதைத் தொடர்ந்து 2001-இல் அமைச்சர்கள் குழு, முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி வேண்டுமென்று பரிந்துரைத்தது. பதவி உருவானது 2019 டிசம்பரில்! பதினெட்டு ஆண்டுகள் கோப்பு தூங்கிற்று.

2020 ஜனவரி 1-இல் ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8-இல், நம் நீலகிரியின் குன்னூருக்கு அருகே ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். அவர் இடத்தில் ஜெனரல் அனில் சவுகான் அமர்ந்தது 2022 செப்டம்பர் 30-இல். ஒன்பது மாதங்களுக்கு மேல் நாற்காலி காலி! அவ்வளவு அவசியமான பதவியென்றால் அத்தனை நாள் ஏன் வெறுமையாக விட்டீர்கள்? அவசியமில்லையென்றால் ஏன் உருவாக்கினீர்கள்? நாம் கேட்கிறோம்.

இணைப்பையே வேண்டாமென்றா சொல்கிறோம்? இல்லை. அந்தமானில் 2001 முதல் முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்குகின்றன. அத்தகைய கூட்டு அமைப்பின் தலைவர், பிற படையைச் சேர்ந்த வீரர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க 2023-இல் சட்டம் வந்தது. நல்லதே. அந்தப் பொதுத் தலைமை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதுதான் நம் கேள்வி.

அரசியல் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்கு அளித்து, அதைச் சட்டத்தின் வரம்புக்குள் நிறுத்தியிருக்கிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது. ஆக, துப்பாக்கிக்கு மேலே இருப்பது வாக்குச் சீட்டு! அண்டை நாட்டைப் பாருங்கள். 1958-இல் பாகிஸ்தானின் தரைப்படைத் தலைவர் அயூப்கானே அதிபரானார். 2025 நவம்பரில் அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்தி, தரைப்படைத் தலைவரையே முப்படைகளுக்கும் தலைவராக்கினார்கள்; பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றவர்மீது ஆயுள் முழுதும் வழக்கில்லை என்றும் எழுதிவைத்தார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. லாலியின் தோல்விக்குத் தாஷே மட்டுமா காரணம்? 1759 அக்டோபரில் அவருடைய சிப்பாய்களே கலகம் செய்தார்கள். ஏன்? சம்பளப் பாக்கி! அடிவரிசையின் வயிறு காய்ந்தால் மேல்வரிசையின் திட்டம் காகிதந்தான். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டப்படி சேரும் இளைஞர்களில் நான்கில் ஒருவருக்கே நான்காண்டுக்குப் பின் படையில் இடம். மற்றவருக்கு ஓய்வூதியம் இல்லை. பனியிலும் பாலையிலும் காவல் நின்ற பிள்ளையை ஒப்பந்தக் கூலிபோல் ஊருக்கு அனுப்புவது என்ன நியாயம்? படைக்குப் பிள்ளைகளைத் தருவது கடலூர் மாவட்டத்தின் கூலிக்காரன் வீடும் குடியானவன் வீடுந்தான்!

நம் கோரிக்கை மூன்று. படைகளை இணைக்கும் ஒவ்வொரு முடிவும் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். தலைமைத் தளபதியின் பதவி காலியானால் இன்ன காலத்துக்குள் நிரப்ப வேண்டுமென்று சட்டம் வேண்டும். எல்லையில் நின்றவனுக்கு நிலையான வேலையும் ஓய்வூதியமும் வேண்டும்.

தலைமை ஒன்றாகட்டும், தோழர்களே! அந்தத் தலைமை மக்களுக்கு அடங்கியதாக இருக்கட்டும். கடைசி வரிசைச் சிப்பாயின் வீட்டிலும் அடுப்பு எரியட்டும். அதுதான் அசைக்க முடியாத படை.