நீலிக்கண்ணீர்

ஒரு பெண்ணின் அழுகையை நம்பாமல் இருப்பதற்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது. முதலைக்கண்ணீரை யார் வேண்டுமானாலும் வடிக்கலாம். மந்திரி வடிக்கலாம், முதலாளி வடிக்கலாம். நீலிக்கண்ணீர் பெண்ணுக்கு மட்டுமே உரியது. காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்ற வாசலிலும் அலுவலக விசாரணைக் குழுவிலும் புகார் சொல்ல வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும், யாராவது ஒருவர் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்.

அந்த நீலி யார் என்று கேட்டால் பாதிக் கதைதான் சொல்வார்கள். பழையனூரில் ஒரு பேய், வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று பொய் சொல்லிக் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சபையில் அழுதது. எழுபது வேளாளர்கள் அதை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்தார்கள். இரவில் அது அவனைக் கொன்றது. வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிப்பிடுகிறார். தீப்பாய்ந்தவர்களுக்குப் பழையனூரில் மண்டபம் இருக்கிறது.

விட்டுப்போன மீதிக் கதை இது. முற்பிறவியில் அந்த வணிகன் அவளை மணந்து, ஊர் திரும்பும் வழியில், ஆலங்காட்டில் வைத்துக் கொன்றான். அவள் சபையில் சொன்னது பொய்யே அல்ல. அவன் அவளுடைய கணவன்தான். அவள் கொலையுண்டவள்தான். எழுபது பேருக்கு மண்டபம். கொல்லப்பட்டவளுக்குக் கிடைத்தது ஒரு வசைச்சொல்.

2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான 'லோகா சாப்டர் 1: சந்திரா' என்ற மலையாளப் படத்தைப் பார்த்தபோது என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. டொமினிக் அருண் இயக்கம். துல்கர் சல்மானின் வேஃபேரர் ஃபிலிம்ஸ் தயாரிப்பு. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா வேறு யாருமில்லை, கள்ளியங்காட்டு நீலி. நம் நீலியின் மேற்குக்கரைச் சகோதரி. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இருப்பவள், முப்பந்தல் இசக்கியம்மனாகக் கும்பிடப்படுபவள். கேரளக் கதைகளில் வெள்ளைச் சேலை கட்டி, வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு, ரத்தம் குடிக்கும் யட்சி. அவளை ஜீன்ஸ் போட்டு பெங்களூருக்கு ரயிலேற்றி, சூப்பர்ஹீரோ ஆக்கியிருக்கிறார்கள். சுமார் 30 கோடி ரூபாயில் எடுத்ததாகச் சொல்லப்படும் படம் உலகமெங்கும் 300 கோடி ரூபாய் வசூலித்து, அதுவரை வந்த மலையாளப் படங்கள் எல்லாவற்றையும் முந்தியது.

சென்னையில் சப்டைட்டிலோடு பார்த்தேன். அரங்கில் பாதிக்கு மேல் பெண்கள். முதல் சண்டையில் அவள் ஒருவனைத் தூக்கி வீசியபோது எழுந்த சத்தம் எனக்குப் புதியது. ஒரு கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்குப் பழகிப்போன கூச்சல்தான், ஆனால் குரல் உயரமாக இருந்தது. எனக்கு முன்வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி வாயில் விரலை வைத்து விசிலடிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. விசிலடிக்கும் பெண்ணை நம் வீடுகளில் என்ன சொல்லி வளர்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க முயன்றுகொண்டே இருந்தாள்.

இந்தக் கூச்சலை அற்பமாக நினைப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஒரு பக்கம், படத்தின் வெற்றிக்கு அவள் காரணமில்லை என்று நிறுவத் துடிக்கும் ஆண்கள். கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தது, ஜேக்ஸ் பிஜாயின் இசை தூக்கி நிறுத்தியது, டொவினோவும் துல்கரும் தலைகாட்டினார்கள், அதனால் ஓடியது. ஆண் நடித்த படம் ஓடினால் இசையும் ஒளிப்பதிவும் அவனுடைய கிரீடத்தில் கற்கள். பெண் நடித்த படம் ஓடினால் அவை அவளிடமிருந்து பங்கு பிரிக்க வந்த வாரிசுகள்.

இந்தக் கணக்கு கேரளத்தில் பிறந்ததல்ல. 2014இல் மார்வெல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஐக் பெர்ல்மட்டர், சோனி நிறுவனத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்டபோது அது வெளியே வந்தது. 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' என மூன்று தோல்விகளைப் பட்டியலிட்டு, பெண் நாயகிப் படங்கள் பேரிழப்பு என்று அதில் காட்டியிருந்தார். 'சூப்பர்கேர்ள்' வந்தது 1984இல். முப்பது ஆண்டுகளில் மூன்று படம் தோற்றதற்கு ஒரு பாலினமே பொறுப்பு. 2011இல் 'கிரீன் லான்டர்ன்' படுத்தபோது ஆண்கள் விலைபோக மாட்டார்கள் என்று யாரும் மின்னஞ்சல் எழுதவில்லை. அதில் நடித்த ரையன் ரெனால்ட்ஸ் ஐந்தே ஆண்டுகளில் 'டெட்பூல்' ஆகத் திரும்பி வந்தார். 2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் வுமன்' 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்துப் பதில் சொன்னது. அப்போது டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரு திரையரங்கு பெண்களுக்கென்று தனிக்காட்சி வைத்ததற்கே ஆண்கள் பொங்கியெழுந்து புகார் கொடுத்தார்கள். ஆயிரமாயிரம் காட்சிகளில் ஒன்றிரண்டில் தங்களுக்கு நாற்காலி இல்லை என்பதைத் தாங்க முடியவில்லை. நம் ஊரில் எந்தப் பெரிய நடிகரின் முதல்நாள் அதிகாலைக் காட்சிக்கும் எந்தப் பெண்ணாலும் பயமில்லாமல் போக முடிந்ததில்லை. அதற்கு யாரும் அறிவிப்புப் பலகைகூட வைக்கத் தேவைப்படவில்லை.

இன்னொரு பக்கம் நம் தோழிகளே இருக்கிறார்கள். முதலாளியின் படம், கறுப்பு உடை போட்ட ஹாலிவுட் நகல், இதில் என்ன விடுதலை என்கிறார்கள். விடுதலை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த அரங்கில் இருந்த பெண்கள் ஏமாளிகள் அல்ல. வசூல் யார் பைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கத்தியது வேறொன்றுக்காக. படம் முழுக்க சந்திராவிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. எந்த நேரத்தில் வெளியே போனாய், என்ன உடுத்தியிருந்தாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று எவனும் கேட்பதில்லை. தெருவில் ஒரு பெண்ணைத் தொல்லை செய்பவனை அவள் பார்க்கிறாள், அடிக்கிறாள், அவ்வளவுதான். நாள்தோறும் நிரூபித்தே களைத்துப்போனவர்களுக்கு அந்த இரண்டரை மணிநேரம் என்னவாக இருக்கும் என்று யோசிக்காமல் எழுதப்படும் விமர்சனம் எனக்கு வேண்டாம்.

அதோடு, கேரளப் பெண்கள் இந்தப் படத்தைப் பார்த்த நேரத்தையும் நினைக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் நடிகை ஒருவர் ஓடும் காரில் தாக்கப்பட்டார். அதன்பின் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு உருவாகி, அதன் வற்புறுத்தலில் நீதிபதி ஹேமா குழு அமைக்கப்பட்டது. குழு 2019 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. அரசு அதை நாலரை ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்தது. 2024 ஆகஸ்ட் 19 அன்று, பல பக்கங்கள் நீக்கப்பட்டு, அது வெளியானது. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததிலிருந்து, இரவில் அறைக்கதவு தட்டப்படுவது வரை அதில் இருந்தது. பெண்கள் பேசினார்கள். உடனே கேட்டது எது? இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாள், வாய்ப்புப் போனதும் கதை விடுகிறாள், பணத்துக்காக அழுகிறாள். நீலிக்கண்ணீர் என்ற சொல் மலையாளத்திலும் வேறு சொற்களில் வேலை செய்கிறது. அறிக்கையை ஒட்டிப் பதிவான 30க்கும் மேற்பட்ட வழக்குகள், பாதிக்கப்பட்டவர்கள் வாக்குமூலம் தர முன்வரவில்லை என்று கைவிடப்படுவதாக 2025 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதத்தில், அதே துறை, திரையில் ஒரு பெண்ணை வானத்தில் பறக்கவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. கைதட்டிய பெண்களிடம் எனக்குச் சண்டையில்லை. அந்தக் கைதட்டலைத் தன் நன்னடத்தைச் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளப் பார்க்கும் துறையோடுதான் சண்டை.

படத்தோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. யாரும் பெரிதாகப் பேசாதது அது.

நீலியின் முன்கதையை மாற்றியிருக்கிறார்கள். படத்தில் அவள் பழங்குடிச் சிறுமி. கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவளுடைய மக்களை மன்னனின் ஆட்கள் கொன்று குவிக்கிறார்கள். குகையில் அவளுக்கு அந்தச் சக்தி தொற்றுகிறது. துர்கா சி. வினோத் என்ற சிறுமி நடித்த அந்தப் பகுதிதான் படத்திலேயே சிறந்தது. சாதியை இப்படி வெளிப்படையாக ஒரு சூப்பர்ஹீரோவின் பிறப்புக்கே காரணமாக வைத்தது சின்னக் காரியம் இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டில் பாடப்படும் கதையில் அவளைக் கொன்றது அரசன் அல்ல. அவள் நம்பிய காதலன், கோயில் பூசாரி. நகைக்காக, தன் மடியில் தூங்கியவளின் தலையில் கல்லைப் போட்டான். பார்த்தது அங்கே நின்ற ஒரு கள்ளிச்செடி மட்டும். பழையனூரில் கணவன், கள்ளியங்காட்டில் காதலன். ஆயிரம் ஆண்டுகளாக நீலி சுமந்துவந்த குற்றச்சாட்டு வீட்டுக்குள் இருப்பவன் மீதுதான்.

படத்தில் அவன் காணாமல் போய்விட்டான்.

ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. அரசனை வெறுக்க அரங்கில் எல்லோராலும் முடியும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் அரசன் இல்லை. மனைவியைக் கொன்றவனைக் காட்டினால் சில நாற்காலிகள் நெளியும். எனவே ஆண்களுக்கு உட்கார வசதியான ஓர் இடத்தைப் படம் தருகிறது: நஸ்லென் நடித்த சன்னி. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்து வியந்து, பயந்து, பின்னாலேயே ஓடும் நல்ல பையன். அவன் அவளைக் காப்பாற்றப் புறப்படாததே பெரிய நிம்மதிதான், ஒப்புக்கொள்கிறேன். வெறுக்க ஒருவன் வேண்டுமே, அதற்குக் காவல் ஆய்வாளர் நாச்சியப்ப கௌடா. நம்மூர் நடன இயக்குநர் சாண்டி நடித்த பாத்திரம். பெண்களை அவன் வெறுக்கும் விதம் எனக்குத் தெரிந்த சில ஆண்களை நினைவூட்டியது. ஆனால் அவன் அவளுக்கு அந்நியன். அவன் வீட்டில் ஒரு மனைவிகூட இல்லை.

அவன் வாயில் வந்த ஒரு வசனம்தான் பெரிய தகராறானது. பெங்களூர்ப் பெண்களின் நடத்தையைப் பற்றிய இழிவான பேச்சு. கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்ததும் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதை மாற்றுவதாக அறிவித்தது. பேசியவன் வில்லன், அந்தப் பேச்சுதான் அவன் யாரென்று காட்டுவது என்றெல்லாம் விளக்கம் எடுபடவில்லை. பெண்ணை இழிவாகப் பேசியது பிரச்சினை என்றால், ஒவ்வொரு வாரமும் வெளியாகும் படங்களுக்கு மன்னிப்புக் கடிதம் அச்சடித்தே தயாரிப்பாளர்கள் ஓய்ந்திருப்பார்கள். நகரத்தின் மானம் போயிற்று என்பதே பிரச்சினை. பெண்ணின் மானம் என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய சொத்தின் பெயர்தானே.

சந்திரா தன் விருப்பத்துக்கு வந்தவளும் இல்லை. மூத்தோன் அழைக்கிறார், அவள் வருகிறாள். முகம் காட்டாத அந்தத் தலைவருக்கு மம்மூட்டியின் குரல். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரும் படத்தில் உண்டு. அவளை நல்வழிக்குத் திருப்புபவர் அவர். இதைத்தான் கேரளக் கதைகள் கொஞ்சம் கரடுமுரடாகச் சொன்னன. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிகமாலை'யில் கத்தனார் யட்சி ஒருத்தியின் தலையில் இரும்பாணியை அறைகிறார். அறைந்ததும் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள். கொண்டுபோய் காயங்குளத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுகிறார். பெண்ணை வீட்டு வேலைக்காரியாக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. சினிமாக் கத்தனாருக்கு ஆணி தேவைப்படவில்லை. அறிவுரையே போதுமாக இருந்தது.

அடுத்த பாகமும் அறிவிக்கப்பட்டுவிட்டது. அது சாத்தானின் கதை, டொவினோ தாமஸ் நாயகன். 300 கோடி சம்பாதித்துக் கொடுத்தவள் ஒரு பாகம் முடிந்ததும் நகர்ந்து இடம் விடுகிறாள். அதிலும் வருவாள் என்பார்கள். வரட்டும். தலைகாட்டிவிட்டுப் போன நடிகர்களால்தான் முதல் படம் ஓடியது என்று சொன்னவர்கள், அந்தப் படத்தில் அவள் தலைகாட்டினால் அதே கணக்கைப் போடுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே நான் டிக்கெட் எடுப்பேன்.

'ஐதிகமாலை' கதையின் முடிவைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்த பெண்மணி ஒருநாள் புதிதாக வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைவாரிவிடுகிறாள். மந்திரம் எதுவும் தெரியாதவள். கூந்தலுக்குள் விரல் விட்டபோது ஏதோ தட்டுப்படுகிறது. அடிப்பாவி, இதென்ன தலையில் ஆணி என்று பிடுங்கிப் போடுகிறாள். யட்சி எழுந்து போய்விடுகிறாள். கத்தனார் வந்து தேட வேண்டியதாகிறது.